அஞ்சு வோல்ட்டுத் தொட்டில்

என் வீட்டுக்காரர் பெரிய முடிவு எடுக்கும்போது மீசையைத் தடவுவார். தடவும் அளவுக்கு மீசை கிடையாது. இருந்தாலும் தடவுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மூக்குக்குக் கீழே இரண்டு தடவை தடவிவிட்டு, "இனிமே இந்த வீட்டுல யாரும் கையால தொட்டில் ஆட்டக்கூடாது" என்றார்.

நான் அப்போது காலால்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். கால் கட்டைவிரலில் கயிறு, கையில் வெங்காயம்.

அவருடைய முடிவுக்குக் காரணம் நான்தான். முந்தின நாள் மோகனா அக்கா ஃபோன் செய்திருந்தார். கூலிம் ஊரில் மின்னணு போர்டு செய்கிற கிலாங், அதாவது தொழிற்சாலை, ஒன்று இருக்கிறது. நளினி பிறப்பதற்கு முன்னால் ஆறு வருஷம் நான் அங்கேதான் வேலை செய்தேன். மோகனா அக்கா எங்கள் லைன் லீடர். என்னுடைய பழைய இடம் காலியாக இருக்கிறதாம். காலை ஷிப்ட். வருகிற திங்கட்கிழமையே வரலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம்.

எனக்குப் போக ஆசை. அங்கே என் நாற்காலியின் முதுகில் அம்சவள்ளி என்று பெயர் ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு முப்பது பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே ஏழு மாதமாக நான் 'நளினி அம்மா'. நளினிக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்பதால் அவளும் கூப்பிடுவதில்லை.

இதை அவரிடம் சொன்னேன். நான் பேசுவது கொசுவுக்குக்கூடக் கேட்காது என்று அவர் எப்போதும் சொல்வார். அன்றைக்கு அவருக்கே கேட்டுவிட்டது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அவர் பெயர் லோகேஸ்வரன். ஏர்கோன் சர்வீஸ் வேலை, ஏசி மெஷின் பழுதுபார்க்கிறவர். ஏர்கோன் கெட்டுப்போனவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டு வந்து, சாயந்தரம் நாலு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். அதனால் காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரைக்கும் அவர் லூனாஸ் கடைத்தெருவில் தே தாரிக், நுரை பொங்க ஆற்றின டீ, குடிப்பார். ஒரே ஒரு தே தாரிக்கை நாலு மணி நேரம் குடிப்பதற்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் இவர் முக்கியமானவர். இவர் போகாவிட்டால் உலக விவகாரங்கள் அப்படியே முடிவாகாமல் நின்றுவிடும்.

அவர் யோசித்தது இப்படி. அம்சா ஏன் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்? தொட்டில் ஆட்டிக் களைத்துவிட்டாள். தொட்டில் தானாக ஆடினால் களைக்கமாட்டாள். களைக்காதவள் எங்கேயும் போகமாட்டாள். யோசனையில் ஒரு குறையும் இல்லை. களைப்பாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அது ஒன்றுதான்.

கடையில் விற்கிறதே தொட்டில் மோட்டார், அதை வாங்கினால் என்ன என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அது மடமோட்டாராம். ஒரே சுவிட்ச், ஒரே ஆட்டம். இவர் செய்யப்போவதற்குக் காது இருக்குமாம். சின்ன அழுகைக்கு மெதுவாக ஆடும். பெரிய அழுகைக்கு வேகமாக ஆடும். பிள்ளை தூங்கினால் தானே நின்றுவிடும். அதற்கு மூளை ஒரு சின்ன போர்டு. அதை ஏற்கெனவே ஃபோனில் ஆர்டர் செய்துவிட்டாராம்.

"கஷ்டமாச்சேங்க" என்றேன்.

"நான் யாரு? வயர்மேன். இருநூத்து நாப்பது வோல்ட்டோட விளையாடறவன். இது வெறும் அஞ்சு வோல்ட்டு. எனக்குச் சுண்டைக்கா."

சொல்லிவிட்டு வேலிப்பக்கம் போனார். பக்கத்து வீட்டில் மருதம்மாள் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மருதம்மாள் அக்காவிடம் ஒரு விஷயத்தை ரகசியமாகச் சொன்னால், அவர் அதைவிட ரகசியமாக அடுத்தவரிடம் சொல்வார். அந்த ரகசியம் நாலு தெருவுக்குக் கேட்கும். அவரிடம் போய் இவர் சவால் விட்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு என் தொட்டில் தானா ஆடும்க்கா. ஆடலைன்னா அம்சா திங்கக்கிழமை கிலாங் பஸ் ஏறட்டும். பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

"ஆடுச்சுன்னா?"

"ஆடுச்சுன்னா இந்த வீட்டுல வேலைங்கிற பேச்சே எடுக்கக்கூடாது."

மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஐஸ்கிரீம்காரர்கூட மணி அடித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

புதன்கிழமை பொட்டலம் வந்தது. பாதி பிஸ்கட் அளவு பச்சை போர்டு. நடுவில் கறுப்புச் சில்லு, ஓரத்தில் யூஎஸ்பி வாய். பார்த்ததும் எனக்கு விரல் துறுதுறுவென்றது. இந்த ஜாதி போர்டை ஆறு வருஷமாக நாள் முழுக்கத் தொட்டவள் நான். லைனில் கடைசி மேசை என்னுடையது. செய்து முடித்த போர்டை யூஎஸ்பியில் செருகிப் பார்த்து, பேசுகிறதா இல்லையா என்று சொல்வதுதான் என் வேலை.

இவர் பொட்டலத்தைப் பிரித்தார். போர்டை எடுத்துக்கொண்டார். கூட இருந்த குட்டிப் பையைப் பேக்கிங் குப்பை என்று மேசையிலிருந்து தட்டிவிட்டார். நளினி தரையில் கிடைப்பதை எல்லாம் வாயில் போடுகிற வயசு. அதனால் நான் இரண்டு தடவை பெருக்குவேன். இரண்டாவது பெருக்கலில் விளக்குமாற்றில் ஒன்று மாட்டியது. உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு. லைனில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் தொப்பி. போர்டில் நிமிர்ந்து நிற்கிற இரண்டு ஊசிக்கு மேலே அதை மாட்டவேண்டும். மாட்டினால்தான் இந்த ஊசிக்கும் அந்த ஊசிக்கும் கரண்ட் ஓடும். எடுத்துத் தையல் டப்பாவில் போட்டுவைத்தேன்.

அந்தத் தொப்பி எதற்கு என்பதை எனக்கு மோகனா அக்கா சொல்லிக்கொடுத்தது இப்படி. அந்தச் சில்லு ஒரு வீடு மாதிரி. முன்னறையில் மூளை. பின்னறையில் யூஎஸ்பி. வெளியிலிருந்து வருகிறவர்களோடு பேசுகிறவள் பின்னறைக்காரிதான். அவளுக்கு என்று தனி அடுப்பு இருக்கிறது. அந்த அடுப்பு அஞ்சு வோல்ட்டை வாங்கி மூணு வோல்ட்டாகக் காய்ச்சி இறக்கும், மீந்ததை முன்னறைக்கும் ஊட்டும். தொப்பி போட்டால்தான் யூஎஸ்பி வயரில் வருகிற அஞ்சு வோல்ட்டு அந்த அடுப்புக்குப் போய்ச் சேரும். போடாவிட்டால் முன்னறையில் விளக்கு ஜோராக எரியும். பின்னறைக்காரி பட்டினி. பட்டினியாக இருக்கிறவள் எப்படிப் பேசுவாள்?

இவர் இரண்டு பேட்டரியை முன்னறைக்குக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. எனக்கும் நளினிக்கும் காட்டினார். பிறகு லேப்டாப்பில் வயரைச் செருகினார். லேப்டாப் அவருடைய சிநேகிதர் குணாளனுடையது. தே தாரிக் கூட்டத்தில் இன்னொருவர், லூனாஸில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். தொட்டில் எப்படி ஆடவேண்டும் என்கிற பாடத்தை லேப்டாப்பிலிருந்து போர்டுக்குள் அனுப்பவேண்டும். நல்ல போர்டாக இருந்தால் செருகியதும் லேப்டாப் 'டிங்' என்று சொல்லும்.

சொல்லவில்லை.

இவர் வயரைத் திருப்பிச் செருகினார். வேறு வயர் வாங்கினார். ஊதினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். வியாழக்கிழமை லேப்டாப்புக்குத் திருநீறு வைத்தார். பேசவில்லை. போர்டுக்கும் ஒரு கீற்று வைத்தார். விளக்கு எரிந்தது. அது முன்பே எரிந்ததுதான்.

பாவமாக இருந்தது. ஒரு தடவை வாயைத் திறந்தேன்.

"என்னங்க, யூஎஸ்பிக்குத் தனியா அஞ்சு வோல்ட்டு..."

"அம்சா. லைட்டு எரியுதா?"

"எரியுது."

"கரண்ட் இல்லாம எரியுமா?"

"எரியாது. ஆனா அது முன்..."

"ஃபார்ம் த்ரீயோட பள்ளிக்கூடத்த விட்டவங்க இதுல வரக்கூடாது. இத நான் ஒருத்தன்தான் தொடணும். நீ தொட்டா கருகிடும்."

வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மூடிக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. டிங் வராவிட்டால் தொட்டில் ஆடாது. தொட்டில் ஆடாவிட்டால் எனக்குப் பஸ். கிலாங் நீலச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, அவர் குளிக்கும்போது தேய்த்து வைத்தேன்.

இதற்கு நடுவில் குழவிக் கதை ஒன்று. வெறுந்தொட்டிலை ஆட்டக்கூடாது, பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். இவர் மற்ற எதையும் நம்பாதவர். பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டுவிட்டுப் போவார். ஆனால் நளினி வயிறு என்றதும் பயந்துவிட்டார். ஒரு பழைய கார் வைப்பர் மோட்டாரைத் தொட்டில் ஸ்பிரிங்கோடு மாட்டியிருந்தார். அதைச் சோதிக்கும்போதெல்லாம் தொட்டிலில் ஏதாவது படுக்கவேண்டும். மருதம்மாள் அக்கா வீட்டு அம்மிக் குழவியை இரவல் வாங்கினார். நளினிக்குப் பெயர் வைத்த அன்றும் அவளுக்கு முன்னால் தொட்டிலில் படுத்தது அந்தக் குழவிதான். தினமும் காலையில் வாங்கிக்கொண்டு வருவார். தொட்டிலாகத் தொங்குகிற சரோங் துணியில் படுக்கவைப்பார். தொட்டில் ஆடாது. குழவி நன்றாகத் தூங்கும். சாயந்தரம் திருப்பிக் கொடுப்பார்.

"ஆடுச்சா தம்பி?" என்பார் அக்கா.

"நாளைக்கு ஆடும்க்கா."

புதன் ஆடவில்லை, வியாழன் ஆடவில்லை, வெள்ளி ஆடவில்லை என்று தாமானுக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். உன் வீட்டுக்காரன் என் குழவியைச் சரோங்கில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் மடிமேல் வைத்துக்கொண்டு எங்கே போகிறான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஹெல்மெட் ஒன்றுதான் அதற்குப் போடவில்லை என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. போர்டு இன்னும் பேசவில்லை. போர்டும் லேப்டாப்பும் எங்கள் வீட்டு மேசையில்தான் கிடக்கின்றன. பிறகு குழவிக்குக் கடைத்தெருவில் என்ன வேலை? நளினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேம்பர்ஸ் வாங்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

குணாளன் கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். கூரைக் கொக்கியில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் என் பச்சைச் சரோங். சரோங்குக்குள் குழவி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புத்தம்புது தொட்டில் மோட்டார், கடையில் விற்கிற அதே மடமோட்டார், விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. தொட்டில் மேலே கீழே, மேலே கீழே ஆடுகிறது. இரண்டு பெரிய ஆம்பிளைகள் அதன் எதிரில் நின்று தலையை மேலே கீழே, மேலே கீழே ஆட்டுகிறார்கள்.

"இதப் பெட்டிக்குள்ள வச்சு மூடிடலாம்டா. மேல போர்ட ஒட்டிடுவோம். லைட்டு எரியும். யாருக்குத் தெரியப்போவுது?" இது என் வீட்டுக்காரர்.

"அது சரிண்ணே. கல்ல எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? சும்மா ஓட்டிப் பாத்தா போதுமே."

"வெறுந்தொட்டில ஆட்டினா பிள்ளைக்கு வயிறு வலிக்கும்டா."

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் இளகிவிட்டது. தாமானையே ஏமாற்றத் தயார். ஆனால் மகளுக்கு வயிறு வலிக்கக்கூடாது. அந்தக் கல்லைத் தூக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நளினி அப்பாவைப் பார்த்ததும் இடுப்பில் குதித்தாள். அவள் கத்துவதற்குள் நான் மூன்று கடை தாண்டிவிட்டேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து யோசித்தேன். ஏமாற்றுகிறார் என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம். சொன்னால் பத்து வருஷத்துக்குச் சிரிப்பார்கள். அவரைப் பார்த்து நான் சிரிக்கலாம், ஊர் சிரிக்கக்கூடாது. சொல்லாமல் இருக்கலாம். இருந்தால் அவர் ஜெயித்துவிடுவார். மடமோட்டாருக்கு ஒரே சுவிட்ச். அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். யார் வேண்டுமானாலும் என்றால் நான்தான். நளினி பெரிய பள்ளிக்கூடத்தில் ஃபார்ம் ஒன் போகிற வரைக்கும் நான் அந்தச் சுவிட்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படியென்றால் அந்த மோட்டார் வரக்கூடாது. அவர் செய்ததுதான் ஆடவேண்டும். காது உள்ளது, லேப்டாப் உள்ளது, அழுகையை அளக்கிறது, அவர் ஒருவர்தான் தொடலாம் என்கிற அது. அதுமட்டும் ஆடிவிட்டால்...

அங்கேயே சிரித்துவிட்டேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு மலாய்க்கார மாமி தள்ளி நின்றுகொண்டார்.

நாலு மணிக்கு அவர் பாடாங் செராயில் ஒரு ஏர்கோன் பார்க்கப் போனார். நான் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். முதலில் பேட்டரியைக் கழற்றினேன். மோகனா அக்கா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது அது. யூஎஸ்பியிலிருந்து அடுப்பு எரிகிறபோது வெளியிலிருந்து பேட்டரியும் ஊட்டக்கூடாது, சில்லுக்கு அஜீரணமாகிவிடும். பிறகு புருவம் பிடுங்குகிற இடுக்கியால் தொப்பியை எடுத்து இரண்டு ஊசிமேல் உட்காரவைத்தேன். வயரைச் செருகினேன்.

டிங்.

ஏழு மாதம் ஆயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை.

வயரைப் பிடுங்கி, எல்லாவற்றையும் இருந்தபடி வைத்தேன். பேட்டரியை மட்டும் டிவி ரிமோட்டில் போட்டேன். தொப்பியைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயப்படவில்லை. தீபாவளிக்கு வீட்டுத் திரைத்துணி எல்லாம் மாற்றினேன். இன்னும் அவருக்குத் தெரியாது.

மோகனா அக்காவுக்கு ஃபோன் போட்டு, நாளை ஆறு மணிக்குப் பிள்ளையைப் பார்க்க வாருங்கள் என்றேன். பிறகு சேமியா பாயசம் காய்ச்சி ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனேன். எனக்கு வாய் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு நல்ல வாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன கேட்கவேண்டும் என்று மூன்று வரி சொன்னேன். மடமோட்டாரைப் பற்றி மூச்சு விடவில்லை. மருதம்மாள் அக்கா ஒருவர் பேசுவதை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவ்வளவுதானே? நீ தலைய மட்டும் குனிஞ்சிரு பிள்ள. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் பேட்டரியைத் தேடினார். பெட்டிமேல் ஒட்டினால் விளக்கு எரியவேண்டுமே. ரிமோட்டில் போட்டேன், நாடகம் பார்க்கவேண்டும் என்றேன். முணுமுணுத்தார். விளக்கு மட்டும் எரியட்டும் என்று லேப்டாப்பில் செருகிப் பார்த்தார்.

டிங்.

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வயரைப் பிடுங்கினார். செருகினார். டிங். மறுபடி. டிங். பதினோரு தடவை. ஒவ்வொரு டிங்குக்கும் நளினி கைகொட்டினாள். பிறகு மெதுவாக மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டு குணாளனுக்கு ஃபோன் போட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன்டா. பேட்டரிதான் குறுக்க நின்னிருக்கு. தூக்கிட்டேன்." பிறகு சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அந்தச் சாமானக் கடையில திருப்பிக் குடுத்துடு லா."

குணாளன் வந்து பாடம் எழுதினார். அழுகையை அளப்பதற்கு ஒருவர் அழவேண்டியிருந்தது. குணாளன் அழுதார். சின்ன அழுகை நன்றாக வந்தது. பெரிய அழுகை வரவில்லை. இவர் அவருடைய கால் விரலை மிதித்தார். வந்தது. குழவி சரோங்குக்குள் எகிறி எகிறி ஆடியது.

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நிற்க இடமில்லை. மோகனா அக்கா பிஸ்கட் டின்னோடு வந்து முன்னால் உட்கார்ந்தார். குழவியை எடுத்துவிட்டு நளினியைப் படுக்கவைத்தார்கள். அவள் இவ்வளவு பேரைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் அவள் அழுவதற்குக் காத்திருந்தோம். இவருக்கு நெற்றி வேர்த்தது. குணாளன் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார். மருதம்மாள் அக்காதான் குனிந்து, "என்னடி தங்கம்" என்று அன்பாகக் கேட்டார். அந்தக் குரலுக்கு நளினி வீறிட்டாள்.

தொட்டில் துள்ளியது. வேகமாக ஆடியது. அழுகை குறைய ஆட்டமும் குறைந்தது. விசும்பலுக்கு மெதுவாக ஆடியது. பிறகு தானே நின்றது. உள்ளே பிள்ளை தூங்கிவிட்டாள்.

 எனக்கே பெருமையாக இருந்தது. இவர் எழுந்து நின்று விளக்கம் கொடுத்தார். அதில் விஞ்ஞானம் வந்தது, ஜப்பான் வந்தது, இருநூற்று நாற்பது வோல்ட்டு வந்தது. பத்து நிமிஷம் கழித்து மருதம்மாள் அக்கா தொண்டையைச் செருமினார்.

"ஏன் தம்பி, இத அம்சா ஓட்டுவாளா?"

"அம்சாவா? அதெப்படிக்கா. லேப்டாப் பாக்கணும். அழுகைய அளக்கணும். படிச்ச ஆள் பக்கத்துலயே இருக்கணும்."

"அவ தொட்டா?"

"கருகிடும்."

"அப்ப நாளைக்குக் காலையில பிள்ள அழுதா யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"அப்ப நீ வீட்டுல இருக்கணும்."

"ஆமா. இருந்து..." அவர் நின்றார். "காலையிலயா?"

"பிள்ள காலையிலயும் அழும் தம்பி. நீ இருந்தாத்தான் தொட்டில் ஆடும். தொட்டிலும் ஆடுது, நீயும் இருக்க. அப்புறம் அம்சா எதுக்கு வீட்டுல? உக்காந்து வேடிக்க பாக்கவா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். ஆடினால் வேலைப் பேச்சே எடுக்கக்கூடாது என்றுதானே பேச்சு என்றார் இவர். அது நீ சாதாரண ஆளாக இருந்தபோது பேசியது, இப்போது நீ விஞ்ஞானி, விஞ்ஞானி இல்லாமல் மெஷின் கெட்டுப்போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்றார் அக்கா. இவர் என் பக்கம் திரும்பினார். அம்சாவுக்கு நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன், பொலே லா, முடியும், ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வாள் என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை.

"ஐயோ, எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். "கருகிடும்னீங்களே."

மோகனா அக்கா ஃபோனை எடுத்து ஏதோ தட்டினார். பெயர் போட்டுவிட்டேன், சந்திக்கு ஆறு பத்துக்கெல்லாம் பஸ் வந்துவிடும் என்றார். என் வீட்டுக்காரர் தொட்டிலைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே கை போனது. தடவாமல் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை பத்து மணி ஓய்வில் ஃபோனுக்குப் படம் வந்தது. நளினி தூங்குகிறாள். கீழே, 'மெஷின் ஓகே' என்று எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை படத்தில் இரண்டு தொட்டில் இருந்தது. கடைசி வீட்டு இராசாத்தியும் கிலாங்கில் வேலை செய்கிறவள். அழுகையைக் கேட்கிற மெஷினாமே, அதற்கு ஒரு பிள்ளையும் ஒன்றுதான் இரண்டு பிள்ளையும் ஒன்றுதான் என்று மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டாளாம். மறுக்க இவருக்கு வழி தெரியவில்லை. மெஷினால் முடியாது என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? புதன்கிழமை படம் வரவில்லை.

வியாழக்கிழமை பஸ் விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில் மூன்று தொட்டில் தொங்கியது, மூன்றாவது இன்னொரு கிலாங்காரி விட்டுப்போன பிள்ளைக்கு. தே தாரிக் கூட்டத்து மற்ற மூன்று பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கயிறு பிடித்துச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை அழுதால் மெஷின் மூன்று தொட்டிலையும் சேர்த்து ஆட்டிவிட்டதாம், தூங்கினவர்களும் எழுந்துவிட்டார்களாம், அதனால் நிறுத்திவிட்டார்களாம். உலக விவகாரங்களைக் கிசுகிசுவென்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் என் வீட்டுக்காரர். இரண்டு கக்கத்திலும் பால் போத்தல், தோளில் ஈரத்துணி, சட்டையில் கேழ்வரகுக் கூழ்.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். நுனிக்காலில் நடந்து வந்தார். என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், கொசுவுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"அம்சா, உங்க கிலாங்ல காலை ஷிப்ட்டுக்கு ஆம்பளைங்கள எடுக்கறாங்களா?"